இருபத்திரண்டு பேர் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டரைக் கேளுங்கள். அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி எண்ணும். நான் தினமும் எண்ணினேன், பத்தொன்பது வருடம். என் தடத்தின் கடைசி ஊரில் நாற்பத்தொரு வீடு. பூட்டிக் கிடந்தவை போக அடுப்பெரிந்தது இருபத்தாறு வீட்டில். ஆள் எண்பத்து மூன்று. அறுபதைத் தாண்டியவர்கள் நாற்பத்தேழு, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஐந்து, கைக்குழந்தை ஒன்றே ஒன்று. சைக்கிள் முப்பத்தொன்று, அதில் பாதிதான் ஓடும். மோட்டார் சைக்கிள் ஆறு. கார் ஒன்று இருந்தது, அதில் கோழிகள் அடைந்தன. மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஒற்றைத் தார் ரோடு. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இரண்டில் ஒன்று வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஊரை வெளியுலகத்தோடு சேர்த்துவைத்திருந்தது என் பஸ் ஒன்றுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸின் கூரை மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடமானதற்குக் காரணம் ஒரு பெண்மணி. ஊரில் அவருக்கு ‘ரிஜிஸ்டர்’ என்று பெயர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். போன மாதம் அக்கா இறந்துவிட்டார். சேதி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. இப்போது அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, அவரைப் பற்றி எழுத ஆளும் இல்லை. எனக்கும் எழுத்து என்றால் டிரிப் ஷீட் நிரப்புவதோடு சரி. இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை அக்கா உயிரோடு இருக்கும்வரை வெளியே விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவரும் அவருக்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். இனி யாருக்காக மறைப்பது?

அக்கா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளைத் துடைத்துவிடுவது அவர் வேலை. வாத்தியாருக்குச் சோம்பல் ஜாஸ்தி. வருகைப் பதிவேட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அக்காதான் பெயர் வாசித்து டிக் அடிப்பார். ரிஜிஸ்டர் என்ற பெயர் அப்படி வந்தது. பிள்ளைகள் பதினெட்டாக இருந்து பதினொன்றாகி, ஆறாகி, கடைசியில் நாலானபோது மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். நாலு பிள்ளைகளும் என் பஸ்ஸில் டவுனுக்குப் போக ஆரம்பித்தார்கள். அக்கா சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஆள் குறைந்தால் கட்டடம் இருந்தும் பிரயோஜனமில்லை, அடுத்து உன் பஸ்தான் தம்பி என்றார். நான் சிரித்தேன். வாய்க்கொழுப்பு.

இரண்டே வருடத்தில் அந்தக் கடிதமும் வந்தது. காலை ஏழு பத்துக்கு ஊரிலிருந்து கிளம்பும் டிரிப்பில் சராசரியாகப் பதினைந்து பேர் ஏற வேண்டும், குறைந்தால் தடம் மெயின் ரோட்டோடு நிறுத்தப்படும் என்று எழுதி டிப்போவில் ஒட்டியிருந்தார்கள். அப்போது ஏறிக்கொண்டிருந்தது ஒன்பது, பத்து. மழை பெய்தால் ஆறு. நான்தான் போய் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு இது ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அவர் வீட்டுக்காரருக்கு அந்த வருடம்தான் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போயிருந்தது. வாரம் இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், டவுன் ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நாலு மணி நேரம் ஆகும். பஸ் நின்றால் அந்த ஆறு கிலோமீட்டரை அவர் எப்படிக் கடப்பது? பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் மனுஷன்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் திரும்புகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர். ஊரில் சைக்கிள் குறையக் குறைய வேலையும் குறைந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. அக்காவை நான் அக்கா என்றதால் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் உட்காருவார். ரெண்டு கிட்னியும் வேலை செய்யல மாப்ளே, எனக்கு அரை டிக்கெட் போடு என்று ஒவ்வொரு செவ்வாயும் கேட்பார். ஒவ்வொரு செவ்வாயும் நானும் சிரிப்பேன். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பாட்டிலில் அக்கா பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார், இந்தக் கோடு காலைக்கு, இது மத்தியானத்துக்கு என்று. அதை எனக்குக் காட்டி, உங்கக்கா எனக்கும் ரிஜிஸ்டர் போட ஆரம்பிச்சிட்டா பாத்தியா என்பார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். இப்படி ஒன்றை நான் வேறெந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. ஊர்க்கூட்டம் கூட்டி, வீட்டுக்கு ஒரு முறை வைத்தார். இன்றைக்கு இந்த ஐந்து வீட்டு முறை, நாளைக்கு அந்த ஆறு வீட்டு முறை. முறை வந்த வீட்டிலிருந்து ஒருவர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய் மத்தியான பஸ்ஸில் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்த பழைய வருகைப் பதிவேட்டில் பிள்ளைகள் பெயருக்குப் பதில் வீடுகளை எழுதினார். தினமும் காலை தகரக் கொட்டகை முன்னால் நின்று டிக் அடிப்பார். யாராவது டிமிக்கி கொடுத்தால் வீட்டு வாசலில் போய் நிற்பார். திட்ட மாட்டார், சும்மா நிற்பார். அது திட்டுவதைவிட மோசம் என்று ஊரார் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள்.

வேலையே இல்லாமல் டவுனுக்குப் போகிற ஒரு கூட்டத்தை நான் தினமும் ஏற்றிப்போனேன். வெட்டியாகப் போவது வெளியே தெரியக் கூடாதென்று கையில் ஒரு பை வைத்திருப்பார்கள். காலிப் பை போகும், காலிப் பை திரும்பி வரும். ஒருவர் ஓடாத கைக்கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போய், விலை கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்துவருவார். இன்னொரு பெரியவர் தலையில் இருந்த நாலு முடிக்கு மாதம் இரண்டு தடவை முடிவெட்டிக்கொண்டார். மற்றவர்கள் பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பார்கள், பதினொன்றே காலுக்கு என் வண்டியில் ஏறுவார்கள். நான் நக்கலடிப்பேன், அவர்களும் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனாலும் டிக்கெட் கிழிக்கிறபோது சில நாள் எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு பஸ் ஓட வேண்டுமென்று ஒரு ஊரே வயதான காலத்தில் முதுகு வலிக்கக் குலுங்கிக்கொண்டு போகிறது.

அப்படி ஒன்றரை வருடம் ஓட்டினோம். பிறகு ஒரு ஐப்பசியில் செக்கர் வந்தார். திங்கள் முதல் ஞாயிறுவரை ஏழு நாள், அவரே பஸ்ஸில் வந்து தலை எண்ணுவார். ஏழு நாளில் மொத்தம் நூற்றைந்து பேர் ஏறியாக வேண்டும். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஆள் சேர்த்தார். திங்கள் பதினாறு, செவ்வாய் பதினேழு என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. புதன் பதின்மூன்று, வியாழன் பதினான்கு, வெள்ளி பதினைந்து. சனிக்கிழமை கொட்டுகொட்டென்று மழை. பதினொரு பேர்தான் ஏறினார்கள். அன்றைக்கு மத்தியானம் அக்கா பதிவேட்டைக் கொட்டகைச் சுவரில் வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். எண்பத்தாறு ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது பேர் ஏற வேண்டும். டவுனில் ஆபீஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, ரிப்பேர் கடையும் கிடையாது. வாரத்திலேயே ஆள் வராத நாள். இருபத்திரண்டு பேர் ஏற்பாடு செய்துவிட்டேன், மூன்று பேர் கையிருப்பு என்றார். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, வெள்ளிக்கிழமை மிஷினில் போட்டதிலிருந்தே ஒரு மாதிரி இருக்கிறார், ஆனால் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை என்றார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இத்தனை வருடம் சொல்லாதது.

சனிக்கிழமை சாயங்காலம் டிப்போ எதிரே டீக்கடையில் செக்கர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மறுநாள் அவருடைய மச்சினன் கல்யாணமாம். விடிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே நிற்காவிட்டால் வீட்டில் ரணகளமாகிவிடும் என்றார். பையிலிருந்து படிவத்தை எடுத்தார். உன் கடைசி ஊரில் நாளைக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். இருபதுக்குக் குறையாது சார், எனக்கு நல்லாத் தெரியும் என்றேன். பேனாவை எடுத்து ஞாயிறு என்ற கட்டத்தில் இருபது என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், என் முன்னாலேயே டிப்போவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மொத்தம் நூற்றாறு. பஸ் தப்பித்துவிட்டது. செக்கர் என் தோளைத் தட்டி, இது வெளியே தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும், மூச்சு விடாதே என்றார். சரி என்றேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டி ஊருக்குள் நுழைந்தது. மழை விட்டிருந்தது. வண்டி திரும்பும் இடத்தில் அத்தனை பேரை ஒன்றாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடிகாரக்காரர், நாலு முடிப் பெரியவர், கைக்குழந்தைக்காரி, எல்லாரும் வெளுத்த துணி உடுத்தி வரிசையில் நின்றிருந்தார்கள். அக்கா பதிவேட்டோடு கொட்டகை முன்னால் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்து செக்கர் எங்கே என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அக்காவைத் தனியே கூப்பிட்டு, காதோடு காதாக, கணக்கு நேற்றே முடிந்துவிட்டது, ஆளெல்லாம் வீட்டுக்குப் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வாய்க்குத் தெரிந்தால் நாளைக்கு டிப்போவரை போய்விடும் என்று பயந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அது மட்டுமா என்றால் இல்லை. வண்டி நிறைய ஆளோடு டவுனுக்குள் போக வேண்டும் என்று ஒரு அற்ப ஆசையும் இருந்தது.

“வழியில ஏறுவார்க்கா. நீங்க ஆளை ஏத்துங்க” என்றேன்.

அக்கா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெயர் வாசிக்க ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். மாமா எங்கே, இன்றைக்கு நக்கலடிக்க வரவில்லையா என்று கேட்டேன். தூங்குறார் என்றார். அரை டிக்கெட் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லுங்க என்றேன். சரி என்றார்.

கடைசியாக ஏறியது மாமாவின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார். நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தவர், புருஷன் இல்லாதவர். அண்ணன் என்றால் உயிர். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, இந்தத் தங்கையைப் பஞ்சர் ஒட்டி வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் மாமாதான். பஸ்ஸுக்கு வருகிற வழியில் அண்ணனை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போயிருக்கிறார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்று, இப்பத்தான் கண்ணசந்தார், வந்து பாத்துக்கலாம், வண்டிக்கு நேரமாச்சு என்று அனுப்பிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். வண்டியில் நாத்தனார் முதல் சீட்டில், அண்ணன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். ஊசி போட்டுப் போட்டு அண்ணனுக்குக் கை வீங்கிக் கிடக்கிறது, சட்டைக் கை ஏற மாட்டேனென்கிறது, கை அகலமாக ஒரு சட்டை வாங்கப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று கேட்டார். மார்க்கெட் முனையில் ஒன்று திறந்திருக்கும் என்று நான்தான் வழி சொன்னேன்.

மத்தியானம் பன்னிரண்டு ஐந்துக்கு வண்டி திரும்பி வந்தது. இருபத்திரண்டு பேரும் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி. செக்கர் ஏறவில்லையே என்று கேட்டவர்களிடம், மெயின் ரோட்டு முனையில் வெளியே நின்றே எண்ணிக்கொண்டார் என்று இன்னொரு பொய் சொல்லியிருந்தேன். அக்கா வண்டி திரும்புகிற இடத்துக்கு நட்டநடுவில் நின்றிருந்தார். கையில் பதிவேடு இல்லை. டிரைவர் பிரேக் போட்டு ஹாரன் அடித்தார், அக்கா நகரவில்லை. எல்லாரும் இறங்கும்வரை அப்படியே நின்றார். நாத்தனார் சட்டைப் பொட்டலத்தோடு இறங்கியதும் அவரிடம் போனார்.

“உங்க அண்ணன் போயிட்டார்.”

நாத்தனாருக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே என்பது போலப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

“எப்போ?”

“விடியக்காலைல. ஆறு மணிக்கு முன்னாடி.”

“அப்போ நான் வாசல்ல வந்து நின்னு கேட்டப்போ?”

“ஆமா.”

சிரிப்புச் சத்தமெல்லாம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. அக்கா அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நேராக நின்று சொன்னார்.

“சொல்லியிருந்தா ஒருத்தர்கூட ஏறியிருக்க மாட்டீங்க. இன்னைக்குப் பத்தொன்பது பேர் வேணும். இந்தப் பஸ்ஸு இல்லாம அடுத்தவங்க சாகக் கூடாதுன்னுதான்.”

நாத்தனார் பஸ்ஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வீட்டைப் பார்த்து ஓடினார். வயதான உடம்பு, ஓட வராது, ஆனாலும் ஓடினார். நான் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பைக்குள் டிக்கெட் புத்தகம் இருந்தது, அதைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. என் ஒரு பொய்க்காக அந்தம்மா தன் அண்ணன் பிணமாய்க் கிடக்கிற நேரத்தில் கடைத்தெருவில் நின்று சட்டைக்கு அளவு பார்த்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் உள்ளே போனேன். ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஆஸ்பத்திரித் தேதிகளை வட்டம் போட்ட காலண்டர். மாமாவைக் குளிப்பாட்டித் தலை வாரி, வெள்ளை வேட்டி கட்டிப் படுக்க வைத்திருந்தார் அக்கா. தனி ஆளாக அந்த உடம்பை எப்படிப் புரட்டினாரோ. கை வீங்கியிருந்ததால் சட்டை மட்டும் போட முடியவில்லை, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டிருந்தார். நாத்தனார் புதுச் சட்டையைப் பிரித்து அண்ணன் மேல் விரித்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அலமாரியில் தண்ணீர் பாட்டில் மேல் கோடு வரை நிரம்பி இருந்தது.

அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். அழுதால் ஊரில் மிச்சமிருக்கிறவர்கள் காதில் விழும், விழுந்தால் யாராவது டவுனுக்கு போன் போட்டுவிடுவார்கள், எல்லாரும் வேறு வண்டி பிடித்து வந்துவிடுவார்கள், போன ஆள் இதே பஸ்ஸில் திரும்பாவிட்டால் ஏதாவது கணக்குத் தப்பாகிவிடுமோ என்று பயம். அதனால் அழவும் இல்லை. வண்டி கிளம்பிடுச்சு, இருபத்திரண்டு பேர் ஏறிட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்னேன் தம்பி, கேட்டிருந்தா சிரிச்சிருப்பார் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் வாய் வரவில்லை. இனிச் சொல்லி என்ன செய்ய? நீ அடக்கி வைத்த அழுகை வீண் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தடம் தொடரும் என்று இருந்தது. ஊரில் பாதிப் பேர் அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள், பாதிப் பேர் அவர் இல்லாவிட்டால் நாம் நடுத்தெருவில் நின்றிருப்போம் என்றார்கள். சொன்னவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறித்தான் சொன்னார்கள். ஏறாதது நாத்தனார் மட்டும். அன்றிலிருந்து அந்தம்மா அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, என் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் ஆறு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் வேறு பஸ் பிடிப்பார். வழியில் நாங்கள் பார்ப்போம். டிரைவர் வண்டியை மெதுவாக்குவார், நான் படியில் தொங்கிக்கொண்டு ஏறுங்கம்மா என்பேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி நிற்பார், வண்டி போகட்டும் என்று. வெயிலிலும் நடந்தார், மழையிலும் நடந்தார். நாலு வருடம். ஒவ்வொரு தடவையும் எனக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருக்கும்.

அக்கா தன் வேலையை விடவில்லை. காலையில் வந்து நிற்பார், டிக் அடிப்பார். நாத்தனார் வீட்டு முறை வருகிற நாளில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, தானே அவருக்குப் பதிலாக ஏறி உட்காருவார். டவுனில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்துபோய்விட்டு வருவார் என்று கேள்வி. திரும்பி வருகிறபோது முதல் சீட்டில் உட்கார மாட்டார்; பின்னால் போய்விடுவார். எப்படிக்கா இருக்கீங்க என்று கேட்டால், இருக்கேன் தம்பி, எண்பத்து மூணு எழுபத்தொண்ணு ஆயிடுச்சு என்று ஊர்க் கணக்கைச் சொல்வார்.

நான் ஓய்வு பெற்ற நாள். கடைசி டிரிப் மத்தியானம் ஊருக்கு வந்தது. கடிகாரக்காரர் ஒரு துண்டு போர்த்தினார். கடிகாரம் அப்போதும் ஓடவில்லை. எல்லாரும் போன பிறகு அக்கா என்னிடம் வந்து, ஒரே ஒரு உதவி செய்வாயா என்று கேட்டார். வேலை போகும் என்கிற பயமெல்லாம் இன்றோடு முடிந்தது, எதுவானாலும் செய்கிறேன் என்றேன். உள்ளுக்குள் ஒரு முடிவோடுதான் அன்றைக்கு வந்திருந்தேன். உண்மையைச் சொல்லி, காலில் விழுந்துவிட வேண்டும் என்று.

“என்கூட நாத்தனார் வீட்டுக்கு வா. கணக்கு தெரிஞ்ச ஆள் நீதான். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. அன்னைக்கு அத்தனை பேர் ஏறலன்னா பஸ்ஸு நின்னுருக்கும்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. அது போதும் எனக்கு.”

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, முன்னால் நடந்தார். பின்னால் நானும் போனேன். நாலு வீடுதான், ஆனால் நடந்து முடியவில்லை.

நாத்தனார் வாசலில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார், பழைய மாதிரி, ஒன்றும் பேசாமல். நாத்தனாரும் போக முடியாமல் நின்றார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது, கால் இரண்டும் நடந்து நடந்து வீங்கியிருந்தன. எனக்கு அந்தக் கால்களைப் பார்த்துதான் பேச முடிந்தது.

அன்றைக்கு என்ன கணக்கு என்று சொன்னேன். நூற்றைந்து வேண்டும், எண்பத்தாறு இருந்தது, பத்தொன்பது குறைந்தது. இதுவரை எல்லாம் உண்மை. பிறகு செக்கர் மெயின் ரோட்டு முனையில் நின்று ஜன்னல் வழியாகத் தலை தலையாக எண்ணினார், இருபத்திரண்டு என்று எழுதினார் என்றேன்.

“நாலு பேர் குறைஞ்சிருந்தாலும் நின்னுருக்கும்மா” என்றேன்.

நாத்தனார் என்னையே பார்த்தார்.

“நிஜமாவா?”

“நிஜமாம்மா.”

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு எங்களிடம் சொல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

“அப்போ எங்க அண்ணன் அன்னைக்கு ஆறு மணி நேரம் சும்மா கிடக்கல.”

வாசலை விட்டு ஒதுங்கி, உள்ள வாங்க அண்ணி என்றார். நாலு வருடத்துக்குப் பிறகு சொன்ன வார்த்தை அது. அக்கா படியேறும்போது தடுமாறினார், நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டார். என்னையும் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார்கள். இருவரும் எதிரே சுவரோடு சாய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அழ வேண்டியதையெல்லாம் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் நீ ஏன் அழுகிறாய் என்று கேட்பார்களே என்று டீயைக் குடித்தேன்.